நடிகனும் நாட்டு மக்களும்

நடிப்புக் கலை பயில விழைவோருக்குக் கூறப்படும் அறிவுரைகளுள் மிகப் பழையது, மனிதரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதாகும். பரதரின் நாட்டிய சாத்திரம் நாட்டியத்துக்கு உலகம், வேதம், அத்தியாத்மம் என மூன்று பிரமாணங்களைக் கூறி, அவற்றுள் உலக வழக்கிற்கே முதன்மை அளிக்கின்றது. இலக்கியத்தைப் பற்றிப் பேசும் தொல்காப்பியரும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைப் பிரித்தறிந்தவர். ஆகவே, உலகைப் பார்த்துக் கலை செய்தல் என்பது மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்த புதுமையன்று.

ஆயின், அறிவுரை பழையதெனினும் அதனுள் அடங்கிக் கிடக்கும் வினாக்கள் எளியனவல்ல. நடிகன் எந்த மனிதரைப் பார்க்கிறான்? எவ்விடத்தில் நின்று பார்க்கிறான்? பார்த்ததை எதன்பொருட்டு மேடைக்குக் கொண்டுவருகிறான்? இவ்வினாக்களுக்கு எல்லாக் காலத்தவரும் ஒரே விடையைக் கூறிவிடவில்லை. சமுதாயம் மாறியபோது விடையும் மாறியது. அம்மாற்றத்தைப் படிப்படியாகக் கண்டுகொள்வதற்கு ருஷ்ய அரங்கின் வரலாறு பெரிதும் உதவுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்யப் பிரபுக்கள் பலர் தம் பண்ணையடிமைகளைக் கொண்டே நாடகக் குழுக்களை நடத்தி வந்தனர். பகலில் எசமானின் வீட்டில் ஏவல் செய்தவன் இரவில் அரசனாக மேடையேறுவான். திரை விழுந்ததும் மீண்டும் அடிமையாவான். விற்கவும் வாங்கவும் கூடிய உடைமைகளுள் நடிகனும் ஒருவன். இத்தகைய சூழலிலேதான், 1788 ஆம் ஆண்டு, கூர்ஸ்க் மாகாணத்திற் பண்ணையடிமைக் குடும்பமொன்றிலே மிகயில் ஷெப்கின் பிறந்தார். பிற்காலத்தில் ருஷ்ய யதார்த்த நடிப்பின் தந்தை எனப் போற்றப்பட்டவர் இவரே.

ஷெப்கின் இளைஞராக இருந்த காலத்து நடிப்பு எவ்வாறிருந்தது என்பதை அவரது நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. காதல், துரோகம் முதலிய சொற்கள் வருமிடமெல்லாம் நடிகன் உரத்துக் கத்துதல் வேண்டும். மேடையை விட்டு நீங்கும்போது வலக்கையை உயர்த்திச் செல்லுதல் வேண்டும். இவை அக்காலத்து விதிகள். எந்த மனிதனும் இவ்வாறு பேசுவதில்லை, நடப்பதில்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1810 ஆம் ஆண்டு மெஷ்செர்ஸ்கி என்னும் கோமகன், தனியார் அரங்கொன்றில் உலோபியொருவனாக நடித்ததை ஷெப்கின் கண்டார். கோமகன் கையை வீசவில்லை, கத்தவுமில்லை, வீட்டில் இருந்து பேசுவதுபோலப் பேசினார். இவருக்கு நடிக்கவே தெரியாது என்றுதான் ஷெப்கின் முதலில் எண்ணினார். சற்று நேரத்தில் அவ்வுலோபியின் தவிப்பு அவரை முற்றாகப் பற்றிக்கொண்டது. தாமும் அவ்வாறு பேசவேண்டுமென முயன்று தோற்றார். பின்னொரு நாள் மொலியேரின் நாடகமொன்றை ஒத்திகை பார்க்கும்போதுதான், தாம் இயல்பாகவே பேசிக்கொண்டிருப்பதை உணர்ந்தார்.

அவருடைய கலையை மதித்தோர் 1821 ஆம் ஆண்டளவிற் பணம் திரட்டிக் கொடுத்து அவரது விடுதலையை வாங்கினர். மறு ஆண்டு மொஸ்கோ மேடையில் தோன்றிய அவர், பின்னர் மாலி அரங்கின் தூணாக விளங்கினார். 1848 ஆம் ஆண்டு ஷூம்ஸ்கி என்னும் இளம் நடிகருக்கு அவர் எழுதிய கடிதம் நடிப்புக் கலையின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. சமுதாயத்தின் எல்லாப் படிகளிலும் உள்ளோரோடு பழகு. முன்முடிவு எதுவுமின்றி அவர்களை ஆராய்ந்து பார். அப்பொழுதுதான் ஒவ்வொரு வகுப்பாருக்கும் உரியதை அவர்களுக்கே கொடுக்க உன்னால் இயலும் என்பது அக்கடிதத்தின் சாரம். குடியானவனின் பெருமகிழ்ச்சி கனவானின் நாகரிகத்துக்குள் அடங்கி நிற்காது. கனவானின் சினம் குடியானவனைப்போலக் கையை வீசிக் கூச்சலிடாது என அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வறிவுரையின் கனத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ருஷ்யாவிற் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861 ஆம் ஆண்டிலேயாம். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், அடிமையாகப் பிறந்த ஒருவர், குடியானவனின் மகிழ்ச்சியும் கோபமும் கனவானின் மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் நிகராக ஆராயத்தக்கவை என்று எழுதினார். பார்வை என்பது வெறுங் கண்ணின் தொழிலன்று. யார் பார்க்கத்தக்கவர் என்பது பற்றிய ஒரு முடிவும் அதனுள் அடங்கியிருக்கின்றது என்பதை இங்கே முதன்முதலாகக் காண்கிறோம்.

ஷெப்கின் 1863 ஆம் ஆண்டிற் காலமானார். அதே ஆண்டிற் பிறந்தவர் கொன்ஸ்தந்தீன் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி. ஷெப்கினிடம் பயின்ற பெடோத்தோவா என்னும் நடிகையின் வழியாக அம்மரபு ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியை வந்தடைந்தது. செல்வம் மிக்க ஆலை முதலாளிகளின் குடும்பத்திற் பிறந்த அவர், நெமிரோவிச்-தன்சென்கோவுடன் இணைந்து 1898 ஆம் ஆண்டு மொஸ்கோ கலை அரங்கினைத் தோற்றுவித்தார். யாவரும் அணுகத்தக்க அரங்கு என்பது அதன் தொடக்ககாலப் பெயரிலேயே இடம்பெற்றிருந்தது. அவ்வரங்கு மேடையேற்றிய மூன்று நாடகங்கள் நம் வினாவுக்கு மூன்று வேறு விடைகளைத் தருகின்றன.

முதலாவது இப்சனின் 'மக்களின் பகைவன்'. 1900 ஆம் ஆண்டு மேடையேறிய இந்நாடகத்தில் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி டொக்டர் ஸ்ரொக்மனாக நடித்தார். கிட்டப் பார்வை, விரைந்த நடை, தன் கருத்தை வற்புறுத்தும்போது முன்னே நீளும் இரு விரல்கள் என அப்பாத்திரத்தின் தோற்றம் முழுவதும் தம் உள்ளத்திலிருந்து தானாகவே பிறந்ததாக அவர் நம்பியிருந்தார். பல காலத்தின் பின்னர் பேர்லினில் ஓர் அறிஞரைக் கண்டபோது, அவ்விரல்கள் அவருடையவை என்பது தெரியவந்தது. அவரை முன்பு வியன்னாவின் ஆரோக்கிய நிலையமொன்றிற் பலமுறை கண்டிருந்தார் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மிதிக்கும் பழக்கமும் இவ்வாறே ருஷ்ய இசை விமரிசகர் ஒருவரிடமிருந்து வந்ததாம். கண்டவற்றை நடிகனின் உள்ளம் அவனையறியாமலே சேமித்து வைக்கின்றது. பாத்திரத்தின் உள்ளுணர்வு அழைக்கும்போது அச்சேமிப்பு வெளிவருகின்றது.

இந்நாடகம் 1901 மார்ச்சு 4 ஆம் திகதி பீற்றர்ஸ்பேர்க் நகரில் நடிக்கப்பட்டது. அன்று பகல், அந்நகரின் கசான் சதுக்கத்திற் கூடிய மாணவர் ஆர்ப்பாட்டம் பொலிஸாராலும் குதிரைப்படையினராலும் தாக்கிக் கலைக்கப்பட்டிருந்தது. இரவு, சுதந்திரத்துக்காகப் போராடச் செல்பவன் புதிய மேலங்கியை அணிந்து செல்லலாகாது என்னும் பொருள்பட ஸ்ரொக்மன் பேசும் கட்டம் வந்தபோது அரங்கு கொந்தளித்தது. சபையோர் மேடையை நோக்கிக் கைகளை நீட்டினர். தாம் அரசியலை எண்ணி நடிக்கவே இல்லை என்றும், உண்மைமீது ஸ்ரொக்மன் கொண்ட பற்றையே நடித்ததாகவும் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி பின்னர் எழுதினார். உயிருள்ள மனிதனை மேடையில் நிறுத்தினார்; அம்மனிதனின் அரசியற் பொருளை மக்களே கண்டுகொண்டனர்.

இரண்டாவது நாடகம் ரோல்ஸ்ரோயின் 'இருளின் ஆதிக்கம்'. 1902 நவம்பரில் மேடையேறியது. கதை நிகழும் தூலா மாகாணத்துக்கே குழுவினர் சென்று இரு வாரங்கள் தங்கினர். குடிசைகளையும் சடங்குகளையும் ஆராய்ந்தனர். ஆடைகள், பாத்திரங்கள், தளபாடங்கள் ஆகியவற்றைச் சேகரித்தனர். இவற்றோடு நில்லாது, ஒரு கிழவரையும் ஒரு கிழவியையும் ஆலோசனை கூறுவதற்கென மொஸ்கோவுக்கு அழைத்து வந்தனர். ஒத்திகையில் அக்கிழவி நடித்துக் காட்டியது யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. முக்கிய பாத்திரம் ஒன்றையே அவருக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஆனால் அவர் ரோல்ஸ்ரோயின் வசனத்தை விட்டுத் தம் கிராமத்து வசைமொழிகளைப் பொழியலானார். தணிக்கையதிகாரிகள் அதனை ஒருபோதும் ஏற்றிருக்க மாட்டார்கள். அவரைக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. அவர் மேடையில் தோன்றிய மாத்திரத்தே ஏனைய நடிகரெல்லாம் போலிகளாகத் தெரிந்தனர். ஈற்றில் அவரைத் திரைக்குப் பின்னே பாடவிட்டுப் பார்த்தனர். அதுவும் பொருந்தாது போகவே, அவரது பாட்டை ஒலிப்பதிவு செய்து பின்னணியில் ஒலிக்கவிட்டனர்.

நகைப்பை விளைவிக்கும் இச்செய்தியில் ஆழ்ந்த படிப்பினை உண்டு. அக்குழுவினர் குடியானவரின் சட்டையைக் கண்டனர், சட்டியைக் கண்டனர், சேறு படிந்த பாதத்தைக் கண்டனர். ஆனால் ரோல்ஸ்ரோய் காட்டிய இருள் எங்கிருந்து வந்தது, மண்ணும் பணமும் அறியாமையும் சேர்ந்து மனிதரைக் கொலைவரை இட்டுச் சென்றது எவ்வாறு என்பது அவர்கள் கண்ணிற் படவில்லை. உள்ளிருந்து நியாயம் பெறாத புற உண்மை மேடையில் வெறும் இயற்பண்புவாதமாகவே முடியும் என்று ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி தம் வாழ்க்கை நூலில் ஒப்புக்கொண்டார். இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

மூன்றாவது நாடகம், அதே ஆண்டு டிசம்பர் 18 ஆம் திகதி மேடையேறிய கோர்க்கியின் 'அதல பாதாளம்'. அவ்வாண்டுத் தொடக்கத்திலேதான், கோர்க்கி அரச கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப்பட்டதை ஜார் ஆட்சி செல்லாததாக்கியது. அதனைக் கண்டித்துச் செக்கோவும் கொரலேங்கோவும் தம் உறுப்புரிமையைத் துறந்தனர். இந்நாடகத்துக்காகவும் குழுவினர் மக்களைத் தேடிச் சென்றனர். மொஸ்கோ வறியோரின் வாழ்க்கையை நன்கறிந்த பத்திரிகையாளர் கிலியாரொவ்ஸ்கி அவர்களை கித்ரோவ் சந்தையின் இரவு விடுதிகளுக்கு அழைத்துச் சென்றார். பலகைகளின்மேற் பிணங்கள்போல மனிதர் கிடந்த அவ்விடத்தில், நாடகப் பிரதிகளைப் பார்த்தெழுதிக் கொடுத்துப் பிழைப்போர் சிலர் இருந்தனர். கற்றவர்களாயிருந்து தாழ்ந்து போனவர்கள் அவர்கள். தாம் எழுதிக் கொடுத்த பாடங்களை நடிப்போர் தம்மைத் தேடி வந்ததை எண்ணி அவர்கள் மகிழ்ந்தனர்.

அவர்களோடு குழுவினர் ஒன்றாய் அமர்ந்து உண்டனர், குடித்தனர், அவர்கள் தம் பழைய வாழ்வைச் சொல்லக் கேட்டனர். கோர்க்கியின் நாடகத்திற் காட்டப்படுவோர் தம்மைப் போன்றவர்கள் என்று அறிந்தபோது அவர்களுட் சிலர் கண்கலங்கினர். தம்மை மேடையிற் காட்டுவதற்குத் தம்மிடம் என்ன இருக்கின்றது என்று ஒருவர் வியந்தார். சுவரில் ஒட்டியிருந்த படமொன்றைப்பற்றிக் குழுவின் ஓவியர் சிமோவ் குறைவாகப் பேசிவிடவே, சிலர் போத்தல்களோடும் முக்காலிகளோடும் எழுந்துவிட்டனர். கடன்பத்திரம் ஒன்றால் விளைந்த குடும்பத் துயரைக் காட்டிய அப்படம் அவர்களுக்கு வெறும் படமன்று. தம் சொந்த வீழ்ச்சியின் சாட்சி. கிலியாரொவ்ஸ்கியின் உரத்த வசைமொழியே குழுவினரைக் காப்பாற்றியதாம்.

தூலாவிற் கிடைக்காதது கித்ரோவ் சந்தையிற் கிடைத்தது ஏன்? தூலாவில் நடிகர் பொருள் சேகரித்தனர். கித்ரோவில் மனிதரோடு பேசினர். தூலாவின் கிழவி ஓர் அரும்பொருளாக மொஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டார். கித்ரோவின் எழுத்தர்களோ தம் இடத்திலிருந்தே விருந்தினரை வரவேற்றனர், உரையாடினர், வேண்டியபோது கோபித்தும் கொண்டனர். பார்க்கப்பட்டவரும் தம்மைப் பார்த்தவர்களைப் பார்த்தனர். அப்பயணத்தின் பின்னரே நாடகத்தின் உட்பொருள் தமக்குத் தெளிவாயிற்று என்று ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி எழுதினார். என்ன விலை கொடுத்தேனும் விடுதலை என்பதே அவர் கண்ட உட்பொருள். மொஸ்க்வின் நடித்த லூக்காவும் கச்சலோவ் நடித்த சீமானும் அரங்க வரலாற்றில் இடம்பெற்றனர். நாடகம் பெருவெற்றி கண்டது.

ஆயினும் இவ்வெற்றியின் நடுவே ஒரு தோல்வியும் உண்டு. முற்போக்கு நோக்குடைய நாம் அதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மனிதனின் பெருமையைப் பேசும் சாத்தின் என்னும் பாத்திரத்தில் நடித்தவர் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியே. தாம் அப்பாத்திரத்திற் சோபிக்கவில்லை என அவர் கருதினார். கோர்க்கியின் கருத்து எவ்வளவு முக்கியமானது என்பதை எண்ணி எண்ணி, சாத்தினை விட்டுவிட்டுக் கருத்தையே நடித்துவிட்டதாக அவர் கூறினார். ஸ்ரொக்மனில் அரசியலை எண்ணாது மனிதனை நடித்தார். அரசியல் தானே வந்தது. சாத்தினில் அரசியலை நடித்தார், மனிதன் மறைந்தான். தூலாவின் பிழையும் சாத்தினின் பிழையும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும் உண்மையில் உடன்பிறந்தவை. ஒன்று மனிதனை ஆடையால் மூடியது. மற்றது கோட்பாட்டால் மூடியது.

இச்சிக்கலை மறுபுறத்திலிருந்து அணுகியவர் ஜேர்மனியரான பேர்டோல்ற் பிறெக்ற். மொஸ்கோ கலை அரங்கு தோன்றிய 1898 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் இவர். பாத்திரத்தோடு ஒன்றிவிடும் நடிப்பை இவர் ஐயுற்றார். 1938 இல் எழுதி 1950 இல் வெளியிட்ட 'தெருக் காட்சி' என்னும் கட்டுரையில், வீதி விபத்தொன்றை நேரிற் கண்டவன், அது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூடிநிற்போருக்கு நடித்துக் காட்டுவதையே தம் அரங்கின் அடிப்படை மாதிரியாகக் கொண்டார். அவன் சாரதியின் உள்ளம் முழுவதையும் காட்ட முயல்வதில்லை. விபத்துக்குக் காரணமான நடத்தையைக் காட்டுகின்றான். கேட்போர் தீர்ப்புக் கூறுவதற்காகவே காட்டுகின்றான். கவனித்தல் நடிப்புக் கலையின் பெரும்பகுதி என்பதில் பிறெக்ற்றும் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியும் வேறுபடவில்லை. ஆனால் பிறெக்ற்றின் கருத்திற் கவனித்தல் என்பது பார்த்துப் போலச் செய்தல் மட்டுமன்று, அது சிந்தனையுமாகும்.

இதற்குச் சிறந்த சான்று அவர் மனைவி ஹெலன வைகல். 1949 சனவரியில், போரால் இடிந்து கிடந்த பேர்லின் நகரில், 'துணிவுத் தாய்' நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தில் அவர் நடித்தார். போர்க்களத்தில் வண்டியிழுத்துச் சென்று வியாபாரம் செய்யும் தாய் அவள். மகன் சுடப்படும் ஒலியைக் கேட்டதும் வைகல் தலையைப் பின்னே சாய்த்து, வாயை அகலத் திறந்து, ஒலி சிறிதுமின்றி அலறினார். இம்மெய்ப்பாடு, சிங்கப்பூர் குண்டுவீச்சின்போது இறந்த மகனின் உடலருகே குந்தியிருந்த இந்தியப் பெண்ணொருத்தியின் பத்திரிகைப் படத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பிறெக்ற் குறித்துள்ளார். கேட்டபோது வைகலுக்கு அப்படம் நினைவில் இல்லை. நடிகரின் அவதானிப்புகள் இவ்வாறே சேமிக்கப்படுகின்றன என்றார் பிறெக்ற். ஆசியத் தாயொருத்தியின் துயரம், அவளறியாமலும் நடிகையே அறியாமலும், ஐரோப்பிய மேடையில் எல்லாத் தாய்மாரின் துயரமாயிற்று.

அதே நாடகத்தின் முடிவில் இன்னொரு நுட்பம் உண்டு. இறந்த மகளைப் புதைப்பதற்காகக் குடியானவரிடம் பணம் கொடுக்கும்போது, துணிவுத் தாய் தன் பணப்பையிலிருந்து எடுத்த நாணயங்களுள் ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். துயரம் பொய்யன்று, ஆனால் வியாபாரியின் கை துயரத்திலும் கணக்குப் பார்க்கின்றது. அவள் தீயவள் என்பதன்று இதன் பொருள். அவள் வாழ்ந்த உலகம் அவள் விரல்களுக்குள் புகுந்துவிட்டது என்பதே பொருள். ஷெப்கின் ஒவ்வொரு வகுப்பாருக்கும் உரியதை அவர்களுக்கே கொடு என்றார். அவ்வாறு உரியதாக்கியது எது என்று வைகலின் விரல்கள் கேட்கின்றன.

இவ்வரலாறு ஈழத்து மேடைக்கும் அயலானதன்று. மேடைத் தமிழ் மக்களின் நாவிலிருந்து விலகி நின்ற காலத்தில், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'நானாடகம்' (1940), 'இரு நாடகம்' (1952) ஆகிய நூல்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை நாடகத்தின் மொழியாக்கினார். காது கொடுத்துக் கேட்ட ஒருவராலேயே அவ்வாறு எழுத இயலும். 'உடையார் மிடுக்கு' என்னும் நாடகத்தின் பெயரே, அவரது பார்வை அதிகாரத்தை நோக்கியும் திரும்பியது என்பதைக் காட்டுகின்றது. பேச்சுத் தமிழ் மேடையேறிய பின்னரும் அதனை வெறும் நகைப்புக்கே பயன்படுத்துவோர் உளர். தோட்டத் தொழிலாளியின் பேச்சையோ கடற்றொழிலாளியின் நடையையோ சபையோர் சிரிப்பதற்காகவே போலச் செய்பவன் அம்மக்களைக் கவனித்தவனல்லன். அவர்களைப்பற்றி ஏலவே தன் வகுப்பார் கொண்டிருந்த எண்ணத்தையே மீண்டும் நடிப்பவன்.

பாடசாலைகளில் நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் இங்கே செய்யத்தக்கது நிரம்ப உண்டு. முதியவர்போல நடந்து காட்டு என மாணவனிடம் கூறுவது எளிது. அவன் கூனி நடப்பான், தடியை ஊன்றுவான், சபை சிரிக்கும். அதற்குப் பதிலாக, ஒரே மனிதர் அடகு கடைக்காரர் முன் எவ்வாறு நிற்கிறார், தம் பேரப்பிள்ளையின் முன் எவ்வாறு இருக்கிறார், கந்தோர் வாயிலிற் காத்திருக்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பார்த்துவரும்படி கூறலாம். அப்பொழுது மாணவன் காண்பது தனியொருவரின் உடலை மட்டுமன்று. அவ்வுடலை வளைக்கும் உறவுகளையுமாகும். ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர், உயர்சாதியினர் எனப்பட்டோர் முன் தோளிற் கிடந்த சால்வையை இறக்கி நின்றனர். அவ்வசைவை மட்டும் பார்த்தவன் அதனைப் பணிவென்று நடிப்பான். அதன் காரணத்தை அறிந்தவன் அதனை அடக்குமுறையாக நடிப்பான். அசைவு ஒன்றே, நாடகம் இரண்டு.

எனவே, மனிதரைக் கவனித்தல் என்பது நடிகனின் தொழில்நுட்பம் மட்டுமன்று. அது அவனது ஒழுக்கமும் ஆகும். மக்களை அரும்பொருட்களாகக் காண்பவனுக்கு அவர்களின் ஆடையே கிடைக்கும். தன் கோட்பாட்டுக்கு உதாரணங்களாகக் காண்பவனுக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும். அவர்களோடு இருந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டு, அவர்களை அவ்வாறு ஆக்கிய வாழ்வை ஆராய்பவனுக்கே மனிதன் கிடைப்பான். தம்மை மேடையிற் காட்டத் தம்மிடம் என்ன இருக்கின்றது என்று கேட்கும் மக்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடைகூறும் கடமை நம் அரங்குக்கு உண்டு.